பவளத் தொட்டியில் முடிப்பாசி: அனுபவமுள்ளவர்களின் ஆலோசனை வேண்டும்

அனைவருக்கும் வணக்கம். ஹட்டனில் உள்ள எங்கள் வீட்டில் 200 லீற்றர் கடல்நீர்த் தொட்டியொன்றை ஒன்பது மாதங்களாகப் பராமரித்து வருகிறேன். ஆறு வாரங்களுக்கு முன் பாறையொன்றில் தோன்றிய பச்சை முடிப்பாசி இன்று மென்பவளங்களின் அடிவரை ஏறிவிட்டது. கையால் பிடுங்கி, பல்துலக்கியால் தேய்த்து அகற்றினாலும் பத்து நாட்களுக்குள் முன்புபோலவே வளர்ந்துவிடுகிறது.

உப்படர்த்தி 1.025, வெப்பநிலை 25 பாகை, பாசிக்குச் சத்தாகும் நைத்திரேற்று 20 பிபிஎம் (பத்து இலட்சத்தில் ஒரு பங்கு என்ற அளவு), பொசுபேற்று 0.25 பிபிஎம். பாசியே இச்சத்துகளை உறிஞ்சுவதால் உண்மையான வரவு இதைவிட அதிகமாகவே இருக்கும். விளக்கு எரியும் நேரத்தை நாளொன்றுக்குப் பத்து மணித்தியாலத்திலிருந்து ஏழு மணித்தியாலமாகவும், உணவைப் பாதியாகவும் குறைத்துவிட்டேன்.

என் சந்தேகமெல்லாம் தண்ணீர் மீதே. தேயிலை மலையிலிருந்து குழாய்வழி வரும் பீலித் (ஊற்றுத்) தண்ணீரில்தான் உப்பைக் கலக்கிறேன். உப்புச் சேர்க்குமுன் அதைத் தனியாகச் சோதித்தபோதே நைத்திரேற்று 10 பிபிஎம் காட்டியது. ஆவியாகும் நீருக்கு ஈடாகவும் அதையே ஊற்றுவதால், அதிலுள்ளவை தொட்டியிலேயே சேர்ந்துகொண்டு போகின்றன.

ஆகவே நீரில் கரைந்துள்ளவற்றை மென்சவ்வின் மூலம் பிரித்தெடுக்கும் ஆர்ஓ வடிகட்டி வாங்க எண்ணுகிறேன். பீலியின் குறைந்த அழுத்தத்திற்கு அழுத்தத்தைக் கூட்டும் பூஸ்டர் பம்ப் கட்டாயம் தேவையா? பாசி தின்னும் டர்போ நத்தைகளைக் கொழும்பிலிருந்து உயிருடன் கொண்டுவந்தவர்கள், பயணத்தில் குளிர் தாக்காமல் எவ்வாறு பொதி செய்தீர்கள்? பாசிக்கொல்லி மருந்து ஊற்றும்படி சிலர் கூறினாலும், பவளங்களை நினைத்து அதற்கு மனம் வரவில்லை. மலையகத்தில் கடல்நீர்த் தொட்டி வைத்திருப்பவர்கள் தயவுசெய்து வழிகாட்டுங்கள்.