புதுப்பிப்பு: ஃப்ராஸ்ட்கிரேவ் போட்டிக்குப் போய் வந்தேன்

ஃப்ராஸ்ட்கிரேவ் என்பது சின்னப் பொம்மை வீரர்களை மேசையில் நகர்த்தி, புதையலைத் தூக்கி மேசை விளிம்புக்கு வெளியே கொண்டுபோகப் பார்க்கும் விளையாட்டு. அதில் என் குழுவில் வில்லாளிகளைக் குறைத்துவிட்டு இரண்டு போர்நாய்களைச் சேர்க்கலாமா என்று போன வாரம் கேட்டிருந்தேன். வேண்டாம் என்றீர்கள், நான் கேட்கவில்லை. போட்டியில் எட்டுப் பேர், மூன்று சுற்று, எனக்கு ஒரே ஒரு வெற்றி.

நாய்கள் முதலில் ஓடிப்போய்ப் புதையல் பக்கத்தில் நின்றன. அவ்வளவுதான். விலங்குகளால் புதையலைத் தூக்க முடியாது என்ற விதியை அங்கே போய்த்தான் படித்தேன்! தூக்கிய அடியாளுக்கோ வேகம் பாதியாகிவிட்டது. மேசை விளிம்புக்கு இரண்டே அங்குலம் இருக்கும்போது மாட்டிக்கொண்டான். இருபது முகப் பகடையில் எனக்கு 3, எதிராளிக்கு 19. கதை முடிந்தது.

கடைசிச் சுற்றில் மந்திரவாதியின் சீடன் எலிமென்டல் போல்ட் என்ற தாக்குதல் மந்திரத்தை வீசி மானத்தைக் காப்பாற்றினான்.

அப்புறம், வரும் வழியில் ஒரு வீரனின் ஈட்டி உடைந்துவிட்டது. ஒட்டியிருக்கிறேன், கொஞ்சம் கோணல்தான்.