அப்ரண்டிஸ் உதவித்தொகை: அரசுப் பங்கு நின்றால் என்ன செய்வது?

கோவை பம்ப் யூனிட். நிரந்தரம் 46, காண்ட்ராக்ட் 16, ஆக 62 பேர். 30 பேரோ அதற்கு மேலோ இருந்தால் 2.5 முதல் 15 சதவீதம் வரை அப்ரண்டிஸ் (தொழில் பழகுநர்) எடுப்பது கட்டாயம் (காண்ட்ராக்ட் ஆட்களும் கணக்கில் சேர்வார்கள், பலர் இதில்தான் தப்பு விடுகிறார்கள்). எடுத்தது நான்கு.

ஒப்பந்தத் தொகை மாதம் 7,700. அதில் அரசுப் பங்கான 25 சதவீதம் 1,925; ஆனால் அதற்கு உச்சவரம்பு 1,500 என்பதால் எங்கள் பங்கு 6,200. மீதியை அரசு நேரடியாகப் பையனின் கணக்கில் போட வேண்டும். ஒருவருக்கு மட்டும் மூன்று மாதமாக வரவில்லை. ஆதார் வேறொரு வங்கிக் கணக்கோடு இணைந்திருக்கிறதோ என்று சந்தேகம்.

இணைப்பை மாற்றினால் நிலுவை தானாக வருமா, போர்ட்டலில் மறுபடி கிளெய்ம் போடணுமா? அதுவரை 1,500ஐ நாங்களே கொடுத்தால் பிறகு கழிக்கலாமா? அனுபவப்பட்ட ஹெச்ஆர் நண்பர்கள் சொல்லுங்க.