ஒழுங்கைக் குழுவில் கிளினிக் கதை

ஒட்டுசுட்டான், ஒழுங்கை உறவுகள்
2021 ஒக்டோபர் 9, சனி

ரீச்சர் அக்கா: மிட்வைஃப் அம்மா இப்பதான் படலையடியில் நின்று சொல்லிவிட்டுப் போகிறார். முதலாம் திகதி லொக்டவுன் எடுத்தபடியால் பெண்களைச் சோதித்துப் பார்க்கிற வெல் வுமன் கிளினிக் திரும்பத் தொடங்குதாம். 35, 45 வயதுக்காரர் முதலில். முந்தி மாதிரி எல்லாரும் எட்டு மணிக்கே போய் வாங்கிலில் நெருங்கி இருக்க ஏலாது, அரை மணிக்கு நாலு பேர்தான். பெயரையும் வயதையும் எனக்குத் தனியாக அனுப்புங்கள், குழுவில் போட வேண்டாம்.

கடைத் தம்பி: அம்மாவுக்கு 58, வரலாமா அக்கா?

ரீச்சர் அக்கா: வரலாம், கேட்டுவிட்டேன். பிரஷர், சீனி, மார்பு எல்லாம் பார்ப்பார்கள்.

கிணற்றடி மாமி: கொரோனா முடியட்டும் பிள்ளை. எனக்குக் கமக்கட்டில் நெறி கட்டிக் கிடக்கு, அது கொரோனா ஊசியால் வந்தது என்று மாமா சொல்கிறார்.

ரீச்சர் அக்கா: எந்தக் கையில் ஊசி போட்டீர்கள் மாமி? எப்ப?

கிணற்றடி மாமி: இடக்கை. ஆவணி பிறந்த கையோடு இரண்டாவது போட்டது. நெறி வலப்பக்கம்.

ரீச்சர் அக்கா: மாமி, ஊசி போட்ட பக்கம் நெறி கட்டுவது உண்டு, கொஞ்ச நாளில் வற்றிவிடும். ஆறு கிழமை தாண்டியும் கிடந்தால் காட்டத்தான் வேண்டும், உங்களுக்கோ அது மற்றப் பக்கம். என் மச்சாளின் கதை உங்களுக்குத் தெரியும்தானே. போன வருசம் பங்குனியில் ஊரடங்கு போட்ட நேரம் மார்பில் கச்சான் கொட்டை அளவில் ஒன்று தட்டுப்பட்டது, நோவே இல்லை, நோகாததால்தான் அவ பயப்படவில்லை. ஓரிடத்துக்குக் கோல் எடுத்துக் கேட்டோம், எல்லாம் திறந்த பிறகு வாங்கோ என்றார்கள், நாங்களும் சரி என்று இருந்துவிட்டோம். ஐந்து மாதம் போய், குளிக்கும்போது தோல் தோடம்பழத் தோல் மாதிரி இருந்ததைக் கண்ட பிறகுதான் ஓடினோம். அதற்குப் பிறகு மூன்று கிழமைக்கு ஒருக்கால் தெல்லிப்பளை புற்றுநோய் ஆஸ்பத்திரிக்கு மருந்தேற்றப் போனோம். விடிய நாலு மணிக்கு வெளிக்கிட்டால் ஆனையிறவில்தான் வெளிக்கும், அவ மாஸ்க்கைப் பிடித்தபடி சத்தி எடுக்காமல் இருக்கப் படும் பாட்டை நான் பக்கத்தில் இருந்து பார்த்தவள். அந்த ஐந்து மாதத்தை நினைத்தால் இன்னும் நெஞ்சு பதறுது. கிளினிக் நாள் வரும் வரை காத்திருக்க வேண்டாம், திங்கள் மாஞ்சோலை ஆஸ்பத்திரிக்குப் போவோம், நான் வருகிறேன்.

புதுவீட்டுத் தங்கச்சி: மிட்வைஃப் அம்மா, மகளுக்குத் தரம் 6 இல் கருப்பைக் கழுத்துப் புற்றுநோய் வராமல் போடுகிற எச்.பி.வி ஊசி ஒன்றுதான் போட்டது, பிறகு பள்ளிக்கூடம் மூடிவிட்டது. திரும்ப முதலில் இருந்தா?

மிட்வைஃப் அம்மா: இல்லை பிள்ளை, பிந்தினாலும் இரண்டாவதை மட்டும் போட்டால் போதும், கார்டைத் தொலைத்துவிடாதே. கிளினிக்குக்கு வருபவர்கள் மாதவிடாய் நாளில் வர வேண்டாம். கருப்பைக் கழுத்தில் தடவி எடுத்து, கண்ணாடியில் பூசி லாபுக்கு அனுப்புவோம், ஐந்து நிமிச வேலை. முடிவு வரக் கிழமைகள் எடுக்கும், அதனால் வேலை செய்யும் ஃபோன் நம்பரைத் தாருங்கள். போன முறை இரண்டு பேரைத் தேடி வயல் வரை போனேன்.

கடைத் தம்பி: ஆம்பிளைகளுக்கு ஒன்றும் இல்லையா அம்மா? அப்பா நாள் முழுக்க வெற்றிலையும் புகையிலையும்தான்.

மிட்வைஃப் அம்மா: நல்ல கேள்வி தம்பி. எங்கள் நாட்டு ஆண்களுக்கு அதிகம் வருவது வாய்ப் புற்றுநோய்தான். வெள்ளையாகப் படர்ந்திருக்கா, இரண்டு கிழமைக்கு மேல் ஆறாத புண் இருக்கா, வாய் திறக்க இறுக்கமா என்று டோர்ச் அடித்துப் பார். ஒன்று இருந்தாலும் பல் டொக்டரிடம் கூட்டிக்கொண்டு போ.

கடைத் தம்பி: சரி அம்மா, இண்டைக்கே பார்க்கிறேன். ரீச்சர் அக்கா, என் ஓட்டோ இருக்கு, ஒரு நடைக்கு இரண்டு பேர், காசு வேண்டாம். திங்கள் மாமியையும் நானே ஏற்றுகிறேன்.

கிணற்றடி மாமி: மாமாவும் வரலாமோ? அவரும் வெற்றிலைதான்.

ரீச்சர் அக்கா: கட்டாயம் வரட்டும். ஆறரைக்குப் படலையில் நில்லுங்கள் மாமி, பழைய கிளினிக் கொப்பியையும் எடுத்துக்கொள்ளுங்கள்.