‘ரிஸ்க் அல்லீல்’: ‘நோய்வாகு மாற்றுரு’ எனலாமா?

அன்புள்ள நண்பர்களுக்கு,

ஒரு நோய் வரும் வாய்ப்பைக் கூட்டுகிற மரபணு வடிவத்தை ஆங்கிலத்தில் ‘ரிஸ்க் அல்லீல்’ என்கிறார்கள். இதற்குத் தமிழில் இதுவரை மூன்று சொற்கள் வந்திருக்கின்றன: நோய் மரபணு, இடர்க்காரணி மரபணு, ஆபத்து எதிருரு. மூன்றிலும் எனக்கு மனம் ஒப்பவில்லை.

முதுகெலும்பை மெல்ல இறுக்கி மூங்கில் போலாக்கிவிடும் ஆன்கிலோசிங் ஸ்பாண்டிலைட்டிஸ் என்ற நாள்பட்ட அழற்சி நோயை எடுத்துக்கொள்வோம். ஹெச்.எல்.ஏ.-பி27 என்ற மரபுக்கூறுக்கும் இதற்கும் உள்ள தொடர்பை 1973இல் லண்டனிலும் லாஸ் ஏஞ்சலிஸிலும் இரு குழுக்கள் தனித்தனியே கண்டறிந்தன. ஐரோப்பிய நோயாளிகளில் நூற்றுக்குச் சுமார் 90 பேரிடம் அது இருக்கிறது. இந்தக் கணக்கோடு நிறுத்திக்கொண்டால் ‘நோய் மரபணு’ என்றே எழுதிவிடலாம். திருப்பிப் பாருங்கள்: பி27 உள்ளவர்களில் நூற்றுக்கு ஏறத்தாழ 5 பேருக்கோ அதற்கும் குறைவானவர்களுக்கோதான் இந்த நோய் வருகிறது. மற்றவர்கள் பேரன் பேத்தி கண்டு, முதுகு நிமிர்ந்தபடியே வாழ்ந்து முடிக்கிறார்கள்.

சென்ற மாதம் நோயாளிகளுக்கான துண்டறிக்கை ஒன்றை மொழிபெயர்த்தபோது நானும் ‘நோய் மரபணு’ என்றுதான் எழுதினேன். அச்சுக்குக் கொடுக்குமுன் தெரிந்தவர் ஒருவரிடம் காட்டினேன். இந்த நோயோடு பல ஆண்டுகளாக மல்லுக்கட்டுபவர். காலையில் குனிந்து செருப்பு மாட்டவே அவருக்கு வெகுநேரம் ஆகும். அந்த வரியில் விரலை வைத்துக்கொண்டு, “அப்படியானால் என் மகளுக்கு இப்போதே நோய் இருக்கிறதா?” என்று கேட்டார். வரியை அடித்துவிட்டேன்.

‘காரணி’யிலும் அதே வில்லங்கம்தான். காதில் ‘காரணம்’ என்றே விழுகிறது.

‘மரபணு’ என்பதும் இங்கே பொருந்தாது. ஹெச்.எல்.ஏ.-பி மரபணு நம் எல்லோரிடமும் இருக்கிறது; பி27 அதன் வடிவங்களில் ஒன்று. ‘எதிருரு’ வழக்கில் உள்ள சொல்தான், மறுக்கவில்லை. ஆனால் ‘எதிர்’ என்றதும் இரண்டுதான் நினைவுக்கு வரும். இந்த மரபணுவுக்கோ ஆயிரக்கணக்கான வடிவங்கள். ஆகவே ‘மாற்றுரு’.

மீதி ‘ரிஸ்க்’. உடல்வாகு என்கிறோம் அல்லவா? வாகாக உட்கார் என்கிறோம். நோய்க்கு வாகாக அமைந்த உடம்பு, ஆனால் நோய் வந்தே தீரும் என்ற தீர்ப்பு அதில் இல்லை. ‘நோய்வாகு மாற்றுரு’ என்று முன்மொழிகிறேன். நோய்க்கு எளிதில் ஆளாகும் தன்மையைக் குறிக்கும் ‘சஸெப்டிபிலிட்டி’க்கு வெறும் ‘நோய்வாகு’ போதும். முடக்குவாதத்துக்கான நோய்வாகு உள்ளவர் புகைபிடித்தால் இடர் பன்மடங்காகிறது என்று எழுதிப் பார்த்தேன், இடறவில்லை.

*

மறுமொழி:

ஐயா, ‘வாகு’ பிடித்திருக்கிறது. ஒரு சிக்கல்: நோயைத் தள்ளிவைக்கும் மாற்றுருக்களும் உண்டே. குடலைப் புண்ணாக்கும் க்ரோன் நோய்க்கு எதிராக ஐ.எல்.23.ஆர் மரபணுவின் அரிய வடிவம் ஒன்று காப்பளிக்கிறது என்று 2006இல் தெரியவந்தது. அதை ‘காப்புவாகு மாற்றுரு’ என்றால் கையில் போடும் காப்பைத்தான் நினைப்பார்கள். ‘நோய்காப்பு மாற்றுரு’ என்று வைத்துக்கொள்ளலாமா? இரண்டும் ‘நோய்’ என்றே தொடங்குவதால் அகரவரிசையில் பக்கத்திலேயே வந்துவிடும்.

அந்தத் துண்டறிக்கையில் இப்போது அந்த வரி எப்படி இருக்கிறது என்பதையும் எழுதுங்கள்.