ஓடிடி ஒன்றுதான் கட்ட முடியும், பார்ப்பது ஏழு பேர்: பாம்பன் வீட்டுக்கு எது சரிப்படும்?

தெற்குவாடி (சனிக்கிழமை இரவு)

பதினொரு வருடம் வேளச்சேரியில் வாடகைக்கு இருந்துவிட்டு, போன சித்திரையில் பாம்பனுக்கே வந்துவிட்டேன். கணக்கு எழுதுகிற வேலை. லேப்டாப்பும் நெட்டும் இருந்தால் எங்கிருந்து செய்தாலும் சரி என்று ஆபீஸில் ஒத்துக்கொண்டார்கள். வீட்டில் அப்பத்தா, அம்மா, தம்பி, அவன் மனைவி, பிள்ளைகள் இரண்டு பேர், நான். ஏழு பேர். பக்கத்து வீட்டு அத்தையைச் சேர்த்தால் எட்டு. அத்தை வராத நாள் கிடையாது.

சென்னையில் மூன்று ஓடிடிக்குப் பணம் கட்டினேன். ஒன்றையும் ஒழுங்காகப் பார்த்ததில்லை. ராத்திரி தட்டில் சோற்றைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தால், எதைப் பார்ப்பது என்று தேடி முடிப்பதற்குள் தட்டு காலியாகிவிடும். ஆனால் சினிமா செய்தி மட்டும் ஒன்று தப்பாது. பறக்கும் ரயிலில் ஏறி உட்கார்ந்தால் திருமயிலை வருவதற்குள் எந்தப் படம் எத்தனை கோடி, யாருக்கும் யாருக்கும் பேச்சு இல்லை, எந்தப் படம் எந்த ஓடிடிக்கு விலை போனது எல்லாம் தெரிந்துவிடும். படத்தைப் பார்க்காமலே அந்தப் படத்தைப் பற்றி ஆபீஸில் அரை மணி நேரம் பேசுவேன். இங்கே அப்படிப் பேச ஆள் இல்லை. காலையில் வாடியில் இறால் என்ன விலை, கணவாய் என்ன விலை என்றுதான் பேச்சு. அம்மா மட்டும் போனில் "அதிர்ச்சியில் திரையுலகம்" என்று வருவதையெல்லாம் திறந்து பார்த்துவிட்டு, உள்ளே ஒன்றுமே இல்லையே என்று என்னைத் திட்டுவார், நான் எழுதிப் போட்டதைப் போல.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். இன்றைக்கு நடந்ததைச் சொன்னால்தான் கேள்வி புரியும்.

புது டிவி வாங்கி நாலு நாள் ஆகிறது. சனிக்கிழமை ராத்திரி படம், மறுநாள் பள்ளிக்கூடம் இல்லை என்று பிள்ளைகள் வாரம் முழுக்க நாளை எண்ணிக்கொண்டிருந்தார்கள். பாய் விரித்து, கடலை வறுத்து, அத்தை வந்து உட்கார்ந்து, ஆப்பைத் திறந்தால் ஓடிபி கேட்கிறது. சந்தா தம்பி நம்பரில். தம்பி விசைப்படகில் போகிறவன். இங்கே விசைப்படகுக்குத் திங்கள், புதன், சனிதான் கடல். மற்ற நாள் நாட்டுப்படகுக்கு. காலையில் டோக்கன் போட்டுக்கொண்டு போனவன் நாளைக் காலையில்தான் கரைக்கு வருவான். அவன் போன் இந்நேரம் டவர் எட்டாத இடத்தில் பிளாஸ்டிக் கவருக்குள் தூங்கிக்கொண்டிருக்கும்.

அப்பத்தாவுக்கு ஓடிபி என்றால் என்ன என்று சொல்லி விளங்கவைக்கக் கால் மணி நேரம் ஆனது. "அப்ப அவன் கரையேறுனாத்தான் படமா?" என்றார். அதோடு விடவில்லை. இலங்கை டிவி ரூபவாஹினி காலத்தில் பனங்கழியில் ஆன்டெனாவைக் கட்டிக் கிழக்கே திருப்பினால் போதும், யாரையும் கேட்க வேண்டியதில்லை என்றார். அது உண்மைதான். 1982இல் இலங்கையில் ரூபவாஹினி ஆரம்பித்தபோது நம் கரையில் சென்னைத் தூர்தர்ஷனை விட அக்கரைதான் கிட்டே. ராமேஸ்வரம் டிவி டவரெல்லாம் பின்னால் வந்தது. அப்பத்தாவுக்கு இன்றைக்கும் டிவியில் நல்ல பாட்டு ஒன்று வந்தால் "இது கொழும்புதானே?" என்றுதான் கேட்கத் தோன்றும்.

இன்னொன்று. ஆப்பைத் திறந்ததும் "யார் பார்க்கிறீர்கள்?" என்று கேட்டு வரிசையாக முகங்களைக் காட்டுகிறதே, அதில் யார் முகத்தை அமுக்குவது? எல்லாரும்தான் பார்க்கிறோம். தம்பி முகத்தை அமுக்கியே பழகியதால், துப்பாக்கிப் படம், மாரியம்மன் படம், கொரியாக் கார்ட்டூன் மூன்றும் கலந்து, அவனுக்கு என்ன பிடிக்கும் என்று அந்த ஆப்புக்கே குழப்பம்.

நான் கேட்க வந்தது இதுதான். மாதம் இருநூறு ரூபாய்க்கு மேல் என்னால் முடியாது. ஒன்றே ஒன்று என்றால் எதை வைத்துக்கொள்வது? போன் டேட்டா போதுமா, கேபிள் நெட் கட்டாயமா? ராமநாதபுரம் போய்த் தியேட்டரில் பார்க்கலாம்தான். போக மட்டும் நாற்பது கிலோமீட்டருக்கு மேல், ஏழு டிக்கெட், திரும்ப பஸ். அந்தக் கணக்கை நான் போட்டுவிட்டேன், போட வேண்டாம்.

உச்சிப்புளி

தங்கச்சி, நான் டிஷ், டிவி ரிப்பேர் பார்க்கிறவன். எந்த ஓடிடி நல்லது என்பது எனக்குத் தெரியாது, அதை மற்றவர்கள் சொல்வார்கள். நெட்டைப் பற்றிச் சொல்கிறேன்.

டிவியில் ஹெச்டி ஓடினால் ஒரு மணி நேரத்துக்கு 3 ஜிபி வரைக்கும் இழுக்கும். தினம் 1.5 ஜிபி பேக்கை ஹாட்ஸ்பாட் போட்டால் கதாநாயகி வருவதற்குள் தீர்ந்துவிடும். படத்தின் தரத்தைக் குறைத்து வைத்தால் மணிக்கு 1 ஜிபிக்குள் அடங்கும், ஆனாலும் ஒரு முழுப்படம் தேறாது. அதனால் வயர் நெட் போட்டுக்கொள்ளுங்கள்.

உப்புக் காற்றுக்கு நெட் போகிறது என்று பலர் சொல்வார்கள். பைபர் கண்ணாடி இழை, அது துருப்பிடிக்காது. துருப்பிடிப்பது அடாப்டர் பின், பிளக், டிஷ் தலையில் சிக்னல் வாங்குகிற எல்என்பி, அதில் முறுக்குகிற கனெக்டர். மேற்கே இருந்து அடிக்கிற கச்சான் காற்று மாதங்களில் உப்பும் மணலும் சேர்ந்து வந்து அப்பும். நான் கழற்றிப் பார்க்கிற எல்என்பி பாதி பச்சை பூத்திருக்கும். கனெக்டர் மேல் கொஞ்சம் கிரீஸ் தடவி, ரப்பர் டேப்பை இழுத்துச் சுற்றுங்கள். டிவியைக் கடல் பக்கத்து ஜன்னலுக்கு எதிரே மாட்டாதீர்கள். துணி போட்டு மூடி வைத்துத் தீபாவளிக்கு மட்டும் திறக்கிற டிவிதான் என்னிடம் அதிகம் வருகிறது, தினம் ஓடுகிற டிவி வருவதில்லை.

கரண்ட் போனால் நெட்டும் போகும். ரூட்டருக்கு என்று சின்ன யுபிஎஸ் விற்கிறார்கள். டிவி அணைந்தாலும் உங்கள் ஆபீஸ் வேலையாவது நிற்காமல் ஓடும்.

கீழக்கரை லாத்தா

உங்கள் எழுத்தைப் படித்துச் சிரித்துவிட்டேன். எங்கள் வீட்டில் ஓடிபி துபாய்க்குப் போகும். என் மாப்பிள்ளை, அதான் வீட்டுக்காரர், டூட்டியில் இருந்தால் நாங்களும் இப்படித்தான் உட்கார்ந்திருப்போம். மகன் சென்னையில் படிக்கிறான். எங்களுக்கு இது ஒரே வீடு. அந்தக் கம்பெனிகளுக்கு இது மூன்று வீடு. ஒரே கூரை, ஒரே வைஃபை என்றால்தான் அவர்கள் கணக்கில் குடும்பம். கீழக்கரையில் அப்படி ஒரு குடும்பத்தைத் தேடித்தான் பார்க்க வேண்டும். துபாயில் அவர் பார்க்கிற படம் பல நேரம் இங்கே தேடினால் கிடைப்பதும் இல்லை, ஒவ்வொரு நாட்டுக்கும் உரிமையைத் தனித்தனியாக விற்கிறார்கள்.

உங்களுக்கு ஒரு நல்ல செய்தி. அவர்கள் தலையை எண்ணுவதில்லை, திரையைத்தான் எண்ணுகிறார்கள். ஏழு பேரும் ஒரே டிவியில் பார்ப்பதால் உங்களுக்கு மலிவானதே போதும். நெட்ஃப்ளிக்ஸில் நான் கட்டிய கணக்கு இது: 149 ரூபாய்த் திட்டம் போனுக்கும் டேப்லெட்டுக்கும் மட்டும், டிவியில் வராது, 199 ரூபாய் டிவியில் வரும், ஒரு நேரத்தில் ஒரு திரை. நாலு அறையில் நாலு பேர் தனித்தனியாகப் பார்க்கிற வீட்டுக்குத்தான் 649. தனியாகப் பார்ப்பதற்குத்தான் காசு.

வருடச் சந்தா கட்டவே கட்டாதீர்கள். மாதம் மாதம் மாற்றுங்கள். தமிழ்ப் படம் பெரும்பாலும் தியேட்டருக்கு வந்து நாலு வாரத்தில் ஓடிடிக்கு வந்துவிடுகிறது. எந்த ஓடிடி என்று படத்தின் ஆரம்பத்திலேயே பெயர் போட்டுவிடுவார்கள். வீட்டில் எல்லாரும் கேட்கிற படம் எதில் வருகிறதோ, அந்த மாதம் அதற்குக் கட்டுங்கள், மறுமாதம் நிறுத்துங்கள். பழைய படம் வேண்டும் என்றால் சன் நெக்ஸ்ட் பாருங்கள், உங்கள் அப்பத்தாவுக்கு அது போதும்.

முதலில் அந்த நம்பரை மாற்றுங்கள். வீட்டை விட்டு நகராத ஆள் நம்பராகப் போடுங்கள். நான் எங்கள் உம்மா நம்பரைப் போட்டுவிட்டேன். இப்போது பிள்ளைகள் படம் பார்க்க வேண்டும் என்றால் உம்மாவிடம் போய் நிற்க வேண்டும். தொழுதாச்சா, சாப்பிட்டாச்சா என்று கேட்டுவிட்டுத்தான் நம்பரைச் சொல்வார்.

சாயல்குடிப் பொண்ணு

அக்கா, கோபித்துக்கொள்ளாதீர்கள். சென்னையில் தனியாகத் தட்டை வைத்துக்கொண்டு பார்த்தேன், ஊரில் பாய் விரித்துப் பார்க்கிறேன் என்று எழுதுவது படிக்க நன்றாக இருக்கிறது. நான் பெருங்குடியில் ஹாஸ்டலில் இருக்கிறேன். ஓர் அறைக்கு நாலு பேர், நாலு ஹெட்போன். அதுவும் எனக்குப் பிடித்துத்தான் இருக்கிறது. ஊரில் நான் என்ன பார்க்க வேண்டும் என்பதை அப்பா, அண்ணன், பெரியப்பா மூன்று பேர் முடிவு செய்வார்கள். ரிமோட்டை நான் தொட்டதே பொங்கலுக்கு ஒரு முறை, துடைக்கும்போது. இங்கே போன மாதம் ராத்திரி பத்து மணிக் காட்சிக்குத் தனியாகப் போய்விட்டு வந்தேன். சாயல்குடியிலிருந்து தனியாகப் படத்துக்குக் கிளம்பினால் நான் திரும்பி வருவதற்குள் சேதி எங்கள் தெருவுக்கு வந்துவிடும்.

சினிமா செய்தியைப் பற்றிச் சொன்னீர்களே. 2024 நவம்பரில் தயாரிப்பாளர் சங்கம் ஒன்று, தியேட்டர் வாசலில் யூடியூப்காரர்கள் மைக் நீட்டுவதை அனுமதிக்க வேண்டாம் என்று தியேட்டர்காரர்களைக் கேட்டுக்கொண்டது. எனக்கு அது சரி என்று படவில்லை. எனக்கு மாதத்தில் ஒரு படத்துக்குத்தான் காசு. நன்றாக இல்லை என்றால் முதல் நாளே ஒருவர் சொல்லட்டுமே. மீனைச் செவுளைத் தூக்கிப் பார்க்காமல் வாங்குவீர்களா?

தெற்குவாடி

கோபமெல்லாம் இல்லை தங்கச்சி. நீ சொன்னது எனக்கும் நடந்திருக்கிறது. வேளச்சேரியில் நானும் தனியாகப் போயிருக்கிறேன், பாம்பனிலிருந்து ஒரு முறைகூடப் போனதில்லை, போவேன் என்றும் தோன்றவில்லை. இங்கே ரிமோட் அப்பத்தா கையில் என்பதால் நான் தப்பித்தேன். ஆண்கள் பாதி நாள் கடலில், மீதி நாள் தூக்கத்தில். மீன்பிடித் தடைக்காலம் அறுபத்தொரு நாளும், ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, தம்பி வீட்டில் இருப்பான். அப்போது வந்து கேள், நானே உன்னைப் போல எழுதுவேன்.

மீன் உதாரணத்துக்கு மட்டும் ஒரு வார்த்தை. செவுளைத் தூக்கி நானே பார்ப்பேன். வாடி வாசலில் மைக் வைத்துக்கொண்டு நிற்கிறவனிடம் கேட்க மாட்டேன்.

தங்கச்சிமடம்

படகில் போகிறவன் என்கிற முறையில் ஒன்று சொல்கிறேன். உங்கள் தம்பி டவுன்லோடு செய்துகொண்டு போகிறாரா என்று கேளுங்கள். பல ஆப்பில், பார்க்க ஆரம்பித்து 48 மணி நேரத்தில் அது அழிந்துவிடும். நான் ஒரே படத்தை மூன்று தடவை டவுன்லோடு செய்தேன். வலையை இறக்கிவிட்டுப் போனை எடுத்தால் பத்து நிமிஷத்தில் தூக்கம். எழுந்தால் வலையை இழுக்க வேண்டும். படத்தின் முதல் கால் மணி நேரம் மட்டும் எனக்கு மனப்பாடம். இப்போது பென் டிரைவில் பழைய பாட்டு, ஒரு ஸ்பீக்கர், அவ்வளவுதான். இன்ஜின் சத்தத்துக்கு அதுதான் ஈடுகொடுக்கிறது.

தனுஷ்கோடி அரிச்சல்முனைக்குப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போனால் போனில் ரோமிங்கை அணைத்து வையுங்கள். அங்கே நம் போன் அக்கரை டவரைப் பிடித்துக்கொண்டு இலங்கைக்கு வரவேற்கும். உங்கள் அப்பத்தா சொன்னது சரி, இன்னமும் கொழும்புதான் கிட்டே.

தெற்குவாடி (ஞாயிற்றுக்கிழமை இரவு)

எல்லாருக்கும் நன்றி. தம்பி காலை ஏழு மணிக்கு வந்தான். போனைத் திறந்தால் ஓடிபி பன்னிரண்டு வந்து கிடக்கிறது. நானே பன்னிரண்டு தடவை அமுக்கியிருக்கிறேன். நம்பரை அம்மா நம்பருக்கு மாற்றிவிட்டோம். லாத்தா சொன்னபடி இந்த மாதம் 199, அடுத்த மாதம் எது என்று பிள்ளைகளும் தம்பியும் இப்போதே சண்டை.

முகங்களையெல்லாம் அழித்துவிட்டு "வீடு" என்று ஒன்றே ஒன்று வைத்திருக்கிறேன். அதற்குப் படம் எதைப் போடுவது என்று கேட்டது. பிள்ளைகள் பூனையைப் போட்டார்கள்.

சாயங்காலம் படம் பார்த்தோம். முடிய இருபது நிமிஷம் இருக்கும்போது கரண்ட் போய்விட்டது. போனில் நெட் இருக்கிறது, டிவி இல்லை. மீதிக் கதையை அப்பத்தா இருட்டிலேயே சொல்லி முடித்தார். வில்லனைக் கடலில் தள்ளிவிட்டு, கதாநாயகிக்கு வேறு மாப்பிள்ளை பார்த்துவிட்டார். கரண்ட் வந்தபோது பிள்ளைகள் தூங்கியிருந்தார்கள், அத்தையும் போய்விட்டார். மீதியை நாங்கள் இன்னும் பார்க்கவில்லை.

உச்சிப்புளி அண்ணே, அந்த ரப்பர் டேப் பாம்பனிலேயே கிடைக்குமா, இல்லை உங்களிடம்தான் வர வேண்டுமா?