கடுதாசியைக் கலைக்காவிட்டால் அதிர்ஷ்டம் போய்விடுமா?

கொக்குவிலான்:
விடுமுறையில் நானும் மச்சானும் ஒரு மாயப்போர்க் கடுதாசி (சீட்டு) விளையாட்டை உருவாக்கினோம். ஆளுக்கு 12 கடுதாசி: யாளி 4, முனி 4, கொத்திப் பேய் 4. யாளி முனியை மிதிக்கும், முனி கொத்தியைக் கட்டும், கொத்தி யாளியின் உயிரைக் குடிக்கும். இருவரும் ஒவ்வொன்றைக் கவிழ்த்து வைத்து ஒரே நேரத்தில் திருப்புவோம். போட்டது திரும்பக் கைக்கு வராது. கலைப்பதும் இழுப்பதும் கிடையாது. தோற்றால் மூளைதான் காரணம். 304 என்ற கடுதாசி ஆட்டம் விளையாடுகிறவர்களைப் போல ‘கை சரியில்லை’ என்று சாட்டுச் சொல்ல முடியாது.

சுன்னாகத்துப் பெரியப்பா:
தம்பி, 304 ஐ இழுத்தபடியால் வருகிறேன். அதில் புள்ளிக் கணக்கு இது: ஜாக் 30, ஒன்பது 20, ஆசு 11, பத்து 10, இராசா 3, இராணி 2. ஓர் இனத்துக்கு 76, நான்குக்கும் 304. முதலில் நான்கு கடுதாசிதான் கையில். அதை நம்பியே இத்தனை புள்ளி எடுப்பேன் என்று கேட்க வேண்டும். துரும்பு (மற்ற இனங்களை வெட்டும் இனத்தின் கடுதாசி) கவிழ்ந்து கிடக்கும்போது அது எதுவென்று மோப்பம் பிடிக்கிறவனுக்கு மட்டமான கையும் போதும். அருமையான கை வந்தும் தோற்றவர்களை எங்கள் விறாந்தையில் 40 வருடமாகப் பார்க்கிறேன். (நானும் அதில் ஒருவன்.)

பண்ணைக்காற்று:
ஐயா, நீங்கள் சொல்வது 304 க்குச் சரி. 1993 இல் வந்த ‘மேஜிக்: த கேதரிங்’ என்ற மந்திரப்போர்க் கடுதாசி விளையாட்டை எடுங்கள். 60 கடுதாசிக் கட்டில் 24 நிலக் கடுதாசி வைத்தால், முதலில் எடுக்கும் ஏழில் நிலம் ஒன்றோ பூச்சியமோ வருவது ஏறத்தாழ ஏழு தடவைக்கு ஒரு தடவை. நிலமில்லாமல் மந்திரமும் இல்லை, பூதமும் இல்லை. கையை மாற்றலாம்தான், ஆனால் ஒரு கடுதாசி குறையும். இதில் எங்கே திறமை? நான் கொக்குவிலான் பக்கம்.

சுன்னாகத்துப் பெரியப்பா:
எத்தனை நிலம் வைப்பது என்று முடிவெடுத்தது யார், பிள்ளை? கட்டு அடுக்குவதும் விளையாட்டுத்தானே. அதிர்ஷ்டமே வேண்டாமென்றால், காய் நகர்த்தி ஆடும் நாயும் புலியும் விளையாடுங்கள். அதில் என் பேத்தி நான்கு முறை தோற்றாள், ஐந்தாம் முறை கூப்பிட வரவில்லை. 304 இல் என்னைத் தோற்கடித்த அன்று அவளுக்கு நித்திரையே இல்லை.

கணக்குக்காரி:
நீங்கள் மூவரும் கலைப்பதைப் பற்றியே பேசுகிறீர்கள். கவிழ்த்து வைப்பதை ஒருவரும் பார்க்கவில்லை. கொக்குவிலான் அண்ணா, முதல் சுற்றில் மூன்றும் சமம். எதிராளி எதை வைத்தான் என்பதற்கு ஒரு தடயமும் இல்லை. ஆகவே மிகச் சிறந்த உத்தி கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுப்பதுதான். இப்படி வேண்டுமென்றே தற்செயலாக ஆடுவதற்கான கணக்கைக் கணித மேதை ஜோன் ஃபொன் நொய்மன் 1928 இலேயே எழுதிவிட்டார். அதிர்ஷ்டத்தைக் கட்டிலிருந்து துரத்தினீர்கள்; அது உங்கள் தலைக்குள் வந்து குந்திவிட்டது.

கொக்குவிலான்:
முதல் சுற்றுக்கு அது சரி. பிறகு? எதிராளியிடம் என்ன மிச்சம் என்று எண்ணிக்கொண்டே வரலாம். யாளி நான்கும் முடிந்தவனிடம் முனியைப் பயமில்லாமல் இறக்கலாம். எண்ணத் தெரிந்தவன் வெல்வான். மச்சானுடன் பத்து ஆட்டம் ஆடினேன், எட்டில் தோற்றேன். அதிர்ஷ்டம் என்றால் அது அவருக்கு மட்டும் ஏன் அடிக்கிறது?

கணக்குக்காரி:
எப்போதும் யாளியைத்தான் முதலில் போடுகிறீர்களா?

கொக்குவிலான்:
மச்சான் உங்களுக்கும் சொல்லிவிட்டாரா?