பட்டாளம் பக்கம் வாடகைக்குப் போகலாமா? (பழைய பின்னி மில் ஏரியா)

கேளம்பாக்கம்வாசி:
வணக்கம். இப்போது கேளம்பாக்கத்தில் இருக்கிறேன், வேலை எழும்பூரில். தினமும் ரோட்டிலேயே பாதி உயிர் போகிறது. மனைவிக்கும் கீழ்ப்பாக்கத்தில் வேலை கிடைத்திருப்பதால் வடக்கே வந்துவிடலாம் என்று பார்க்கிறோம். பட்டாளத்தில், பெரம்பூர் பாரக்ஸ் சாலையிலிருந்து உள்ளே போகும் ஒரு சந்தில் இரண்டு போர்ஷன் காலியாக இருக்கிறது. ஒன்று தரைத்தளம், இன்னொன்று முதல் மாடி. தரைத்தளத்துக்கு வாடகை கொஞ்சம் குறைவு. சந்து ரொம்ப சின்னது, ஆட்டோ வந்தால் எதிரே பைக் ஒதுங்கி நிற்க வேண்டும், வீடுகள் ஒட்டி ஒட்டி இருக்கின்றன. ஆனால் பால், காய்கறி, மெடிக்கல், டியூஷன் எல்லாம் அந்தச் சந்துக்குள்ளேயே இருப்பதைப் பார்த்ததும் ஆசை வந்துவிட்டது. இங்கே ஒரு கொத்தமல்லிக் கட்டு வாங்கவே வண்டி எடுக்க வேண்டும்.

அம்மா மட்டும் "வட மெட்ராஸா, வேண்டவே வேண்டாம்" என்கிறார். ஆறு வயதில் பையன் இருக்கிறான், கார் ஒன்று இருக்கிறது. அங்கே இருப்பவர்கள் உண்மை நிலவரம் சொல்லுங்கள். பின்னி மில் இருந்த இடம் என்பதைத் தவிர எனக்கு அந்த ஏரியா பற்றி ஒன்றும் தெரியாது.

பட்டாளத்தான்:
வாங்க ப்ரோ. நான் பிறந்து வளர்ந்ததே இங்கேதான். அப்பா மில்லில் தறிப் பிரிவில் இருந்தார். மில்லைத் தெரியாமல் இந்த ஏரியாவின் அமைப்பு புரியாது, அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பின்னி மில் என்று சொல்வது உண்மையில் பின்னி கம்பெனியின் இரண்டு துணி மில்கள். பக்கிங்ஹாம் மில் 1876இல் வந்தது, கர்நாடிக் மில் 1880களின் தொடக்கத்தில். 1920இல் இரண்டும் ஒரே கம்பெனி ஆனது, சுருக்கமாக பி அண்டு சி. பி அண்டு சி மில் காக்கித் துணி என்றால் ராணுவம் முதல் பள்ளிக்கூடம் வரை எல்லோருக்கும் தெரியும். அந்தக் காலத்தில் சங்கு ஊதினால் நடந்தே ஷிப்டுக்குப் போகிற தூரத்தில் ஆள் குடியிருக்க வேண்டும், அவ்வளவுதான் ஊர் அமைப்பு. அதனால்தான் புளியந்தோப்பு, ஓட்டேரி, பட்டாளம் மூன்றிலும் வீடுகள் இப்படி நெருக்கியடித்து இருக்கின்றன. முகப்பு குறுகல், உள்ளே நீளமான நடை, நடையை ஒட்டி வரிசையாகப் போர்ஷன், கடைசியில் அடிபம்பும் பொதுக் கழிப்பறையும். நீங்கள் பார்த்த வீடும் அப்படிப்பட்ட ஒண்டுக்குடித்தன வீட்டை இடித்துக் கட்டியதாகத்தான் இருக்கும். இடித்துக் கட்டினாலும் மனையின் அகலம் மாறாது இல்லையா, அதனால் வெளிச்சம் முன் அறைக்கும் பின் அறைக்கும் மட்டும்தான். நடு அறையில் பகலிலும் லைட் போட வேண்டியிருக்கும். அதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று, இந்தியாவில் முறையாக அமைந்த முதல் தொழிற்சங்கம் என்று சொல்லப்படும் மெட்ராஸ் லேபர் யூனியன் 1918 ஏப்ரலில் உருவானது இந்த மில் தொழிலாளிகளுக்காகத்தான். செல்வபதி செட்டியாரும் ராமானுஜலு நாயுடுவும் இவர்கள் குறைகளைக் கேட்டு, அன்னி பெசன்ட்டோடு இருந்த பி.பி. வாடியாவிடம் போய்ச் சொன்னார்கள். திரு.வி.க.வும் கூட நின்றார். கதவடைப்பு, வேலைநிறுத்தம் என்று போய், சங்கத் தலைவர்கள் மீது கம்பெனி ஹைகோர்ட்டில் வழக்கும் போட்டது. தொழிற்சங்கத்துக்கே சட்டப் பாதுகாப்பு வேண்டும் என்று பேச்சு கிளம்பி 1926இல் தொழிற்சங்கச் சட்டம் வந்ததற்கு அந்த வழக்கு ஒரு முக்கியக் காரணம். 1921 வேலைநிறுத்தம் மட்டும் சாதிக் கலவரமாகத் திரும்பி, துப்பாக்கிச் சூடு வரை போனது. அதையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும், பெருமையை மட்டும் சொன்னால் பாதிக் கதைதான்.

1996இல் மில் மூடினார்கள். அப்புறம் பல வருடம் காலி ஷெட்டுகளில் சினிமாக்காரர்கள் சண்டைக் காட்சி எடுத்துக்கொண்டிருந்தார்கள். இப்போது அங்கே அடுக்குமாடிகள்.

உங்கள் அம்மா பயப்படுவது சினிமாவைப் பார்த்து. ராத்திரி பதினோரு மணிக்குப் பெண்கள் தனியாக நடந்து வருகிற தெரு இது, ஏனென்றால் அந்த நேரத்திலும் திண்ணையில் நாலு பேர் உட்கார்ந்திருப்பார்கள்.

பதினாலாவது மாடி:
மேலே சொன்னவருக்கு மரியாதையோடு ஒரு எதிர்க் கருத்து. மில் இருந்த மனையில் வந்த அடுக்குமாடி ஒன்றில் நான் இருக்கிறேன். உள்ளே நீச்சல்குளம், ஜிம் எல்லாம் உண்டு, கார் நிறுத்த இடமும் உண்டு. ஆனால் கேட்டைத் தாண்டினால் அதே சாலை, அதே நெரிசல். காலையில் பள்ளி நேரத்தில் புரசைவாக்கம் பக்கம் காரை எடுத்தால் நடந்து போகிறவர் முந்திவிடுவார். சந்தில் வீடு எடுத்துக் காரும் வைத்துக்கொள்ளலாம் என்று நினைக்காதீர்கள். வெளியே நிறுத்தினால் தினமும் யாராவது ஹாரன் அடித்து உங்களைக் கூப்பிடுவார்கள், கண்ணாடி போனாலும் போகும். மாத வாடகைக்கு வண்டி நிறுத்த இடம் கிடைக்கிறதா என்று முதலில் விசாரியுங்கள், இல்லையென்றால் காரை விற்றுவிடுங்கள்.

திண்ணையில் நாலு பேர் என்பதற்கு மறுபக்கமும் இருக்கிறது. நீங்கள் எத்தனை மணிக்கு வந்தீர்கள், யார் வந்துபோனார்கள் என்பது முழுச் சந்துக்கும் தெரியும். எனக்கு அது ஒத்துவராது, அதனால்தான் மாடியில் இருக்கிறேன்.

ஓட்டேரி அக்கா:
தம்பி, சரித்திரமும் காரும் இருக்கட்டும், மழையைப் பற்றி ஒருவரும் பேசவில்லையே! தரைத்தளம் எடுக்கவே எடுக்காதீர்கள். வாடகை குறைவாக இருப்பதற்குக் காரணமே அதுதான்.

"ஓட்டேரி நல்லா" என்கிற கால்வாய் இந்தப் பக்கமாக ஓடி பேசின் பிரிட்ஜ் கிட்டே பக்கிங்ஹாம் கால்வாயில் சேர்கிறது. அங்கே தண்ணீர் மட்டம் ஏறிவிட்டால் இங்கேயிருந்து போக வழியில்லாமல் தெருவில் நிற்கும். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் பட்டாளம், புளியந்தோப்பு எல்லாம் நாள்கணக்கில் தண்ணீரில் கிடந்தது. பாலுக்கும் குடிதண்ணீருக்கும் படகில் வருகிறவர்களை எதிர்பார்த்து உட்கார்ந்திருந்தோம். இன்னொரு கூத்து, ஒவ்வொரு தடவையும் பழைய ரோட்டைச் சுரண்டாமல் மேலேயே தார் போட்டுப் போட்டு ரோடு உயர்ந்துவிட்டது. எங்கள் மாமியார் காலத்தில் படி ஏறிப் போன வீட்டுக்குள் இப்போது படி இறங்கிப் போகிறோம்.

வீடு பார்க்கப் போகும்போது வெள்ளையடித்த சுவரைப் பார்த்து ஏமாறாதீர்கள், வீட்டுக்காரர் கறையை அடித்து மறைத்திருப்பார். மீட்டர் பெட்டி எந்த உயரத்தில் இருக்கிறது என்று பாருங்கள். ஒரு தடவை அடிபட்டவர்கள் அதைத் தலை உயரத்துக்குத் தூக்கி மாட்டியிருப்பார்கள், கீழே பழைய பெட்டி இருந்த இடத்தில் சிமெண்ட் பூசிய சதுரம் அப்படியே தெரியும். பக்கத்து வீடுகளில் ஃப்ரிட்ஜுக்கு அடியில் செங்கல் அடுக்கியிருக்கிறார்களா என்றும் ஒரு கண் வையுங்கள். சம்ப் (தரைக்கு அடியில் இருக்கிற தண்ணீர்த் தொட்டி) மூடி தரையோடு தரையாக இருந்தால் மழைநாளில் சாக்கடை உள்ளே கலந்துவிடும். மூடியைச் சுற்றி மேடாகக் கட்டியிருக்க வேண்டும். இதையெல்லாம் பார்த்துவிட்டு அப்புறம் அட்வான்ஸ் கொடுங்கள்.

மற்றபடி புள்ளையை வளர்க்க நல்ல ஊர்தான். என் பையன்கள் மூன்று தெருப் பிள்ளைகளோடு சேர்ந்துதான் வளர்ந்தார்கள், எந்த வீட்டில் சாப்பிட்டார்கள் என்று எனக்கே தெரியாது.

கேரேஜ் ரிட்டயர்டு:
நான் பெரம்பூர் கேரேஜில் (ரயில் பெட்டி ஒர்க்‌ஷாப்) வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். இந்தப் பகுதி என்றாலே எல்லோரும் மில்லைச் சொல்கிறார்கள், ரயில்வேயை மறந்துவிடுகிறார்கள். மில் வருவதற்கு இருபது வருடம் முன்பே, 1856இல் பெரம்பூரில் ஒர்க்‌ஷாப் வந்துவிட்டது. 1955இல் ஐ.சி.எஃப். என்கிற ரயில் பெட்டித் தொழிற்சாலை வந்தது, 2018இல் முதல் வந்தே பாரத் பெட்டிகள் அங்கேதான் செய்யப்பட்டன. மில் போனாலும் இந்தச் சுற்றுவட்டாரம் படுத்துவிடாமல் இருந்ததற்கு ரயில்வே சம்பளம் ஒரு காரணம் என்பது என் அபிப்பிராயம். பெரம்பூர் பக்கம் ரயில்வே குவார்ட்டர்ஸ் தெருக்களைப் பாருங்கள், அகலமாக, மரம் நட்டு இருக்கும். மில்லை ஒட்டிய சந்துகளுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.

போக்குவரத்துக்கு: பெரம்பூரிலிருந்து சென்ட்ரலுக்கு லோக்கல் ரயிலில் கால் மணி நேரம்தான். மெட்ரோவில் மாதவரம் – சிறுசேரி சிப்காட் தடத்தில் அயனாவரம், ஓட்டேரி, பட்டாளம், பெரம்பூர் பாரக்ஸ் சாலை என்று வரிசையாகச் சுரங்க நிலையங்கள் வருகின்றன. ஓடத் தொடங்கினால் வாடகை ஏறும், அதனால் ஒப்பந்தம் போடும்போது உயர்வு எவ்வளவு சதவீதம் என்று எழுதி வாங்கிவிடுங்கள் சார்.

கேளம்பாக்கம்வாசி:
எல்லோருக்கும் நன்றி. அக்கா, நீங்கள் சொன்னதைப் படித்துவிட்டு அன்று எடுத்த போட்டோக்களைப் பெரிதாக்கிப் பார்த்தேன். தரைத்தளத்தில் மீட்டர் என் தோளுக்கு மேலே இருக்கிறது, கீழே அந்தச் சிமெண்ட் சதுரமும் இருக்கிறது! முதல் மாடிக்குத்தான் பேசப்போகிறேன். கார் விஷயம் வீட்டில் இன்னும் சண்டையாகவே இருக்கிறது. அம்மாவை ஒரு ஞாயிற்றுக்கிழமை கூட்டிவந்து காட்டலாம் என்றிருக்கிறேன்.

ஓட்டேரி அக்கா:
ஞாயிற்றுக்கிழமை வேண்டாம் தம்பி, அன்றைக்குக் கறிக்கடைக் கூட்டம், அம்மா பார்த்த உடனே திரும்பிவிடுவார். வார நாளில் சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல் வாருங்கள். அப்படியே மோட்டார் எத்தனை மணிக்குப் போடுகிறார்கள், மாடிக்குத் தண்ணீர் ஏறுகிறதா என்று குழாயைத் திறந்து பார்த்துவிடுங்கள்.